பீரோ மேல் இருந்த ஷூ

என் கணவர் பந்து வீசுகிறவர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் அவருக்கு வேலை. அந்த வேலை கிடைத்ததே இடது கையால் வேகமாகப் பந்து வீசுவார் என்பதால்தான். எட்டு வருடங்களாகக் கம்பெனி அணிக்காக மாவட்ட லீக்கில் ஆடுகிறார். நடுவில் மூன்று வருடம் மாவட்ட அணியிலும் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் தோல், ஏழாம் நாள் பந்து. நான் பள்ளிக்கூட ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும் ஆலயத்துக்குப் போவேன். "தம்பிக்கு இன்னிக்கும் மேட்ச்சா?" என்று பாஸ்டரம்மா கேட்பார். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு வருவேன்.

கிரிக்கெட் எனக்குத் தெரியாது. புதுப் பந்து வீட்டுக்கு வந்தால் அவர் அதைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். தோல் எந்தப் பக்கம் இறுக்கமாக இருக்கிறது, எந்தப் பக்கம் தளர்ச்சி என்று கண்டுபிடித்து, இறுக்கமான பக்கத்தை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குவார். கட்டிங்கில் நாள் முழுக்கச் செய்கிற வேலைதானே என்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதுதான். வெள்ளைச் சட்டை இரண்டு, துண்டு, தண்ணீர் பாட்டில், காலுக்கு ஒட்டும் பிளாஸ்திரி, ஷூ. அவர் என்னை அடுக்கச் சொன்னதில்லை. நானாக எடுத்துக்கொண்ட வேலை அது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டுத்தான் ஜிப்பை மூடுவேன்.

எங்கள் பக்கத்து மைதானங்களில் புல் ஆடுகளம் கிடையாது. மண் தரையில் கயிற்றுப் பாயை விரித்து, இழுத்துக் கட்டி, சுற்றிலும் ஆணி அடித்து அதன் மேல் ஆடுவார்கள். மேட் என்பது அதன் பெயர். மேட்டில் ரப்பர் அடி ஷூதான் போட வேண்டும். முள் வைத்த ஸ்பைக் ஷூ பாயைக் கிழித்துவிடும். என் கணவருக்கு வலது கால் சுண்டுவிரல் வெளியே தள்ளி நிற்கும், அதனால் கடையில் விற்கிற எந்த ஷூவும் அவரைக் கடிக்கும். கம்பெனியில் மாதிரி ஷூ செய்கிற சாம்பிள் பிரிவு ஆட்கள் அவர் காலுக்கென்றே ஓர் அச்சு வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு ஜோடி ரப்பர் அடி ஷூ அதில் செய்து கொடுப்பார்கள். பந்து வீசுகிறவருக்கு அணி செய்கிற மரியாதை அது.

போன வருடம், மழைக்காலம் தொடங்கும் நேரத்தில், சென்னை கிளப் ஒன்றிலிருந்து தேர்வுக்கு வரச் சொன்னார்கள். ஏற்பாடு செய்தவர் அணியின் கேப்டன். ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர், எல்லாரும் பாய் என்று கூப்பிடுவார்கள். தேர்வானால் அந்த கிளப்பை நடத்துகிற நிறுவனத்திலேயே வேலை, சென்னையில் வீடு. என் கணவருக்கு இருபத்தொன்பது வயது. "இத வுட்டா அப்பறம் யாரும் கூப்பிட மாட்டான் தம்பி" என்று பாய் எங்கள் வீட்டுக்கே வந்து சொன்னார்.

அங்கே புல் தரை. அதற்காக ஒரு ஜோடி ஸ்பைக் ஷூ வாங்கி, சாம்பிள் பிரிவில் அவர் அச்சில் ஒரு வாரம் மாட்டி வைத்து, சுண்டுவிரலுக்கு இடம் கிடைக்கும்படி இழுத்துக் கொடுத்தார்கள்.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். இரண்டு மாதம் முன்பு காய்ச்சலில் அவளுக்கு வலிப்பு வந்து, மடியில் போட்டுக்கொண்டு வேலூருக்கு ஓடியிருந்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் நான் தெர்மாமீட்டரைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருந்தேன். வேலூர் டாக்டருக்கு அவளைத் தெரியும். சென்னையில் யாருக்குத் தெரியும்? அவர் தேர்வாக வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்தேன். ஆமென் சொல்வதற்குள் மனம் வேறு ஏதோ கேட்டுவிடும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் நான் பையை அடுக்கிக்கொண்டிருந்தேன். ரப்பர் ஷூ ஏற்கெனவே உள்ளே இருந்தது. ஸ்பைக் ஷூவைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் துண்டு எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் மகள் தவழ்ந்து வந்து ஷூவைத் தூக்கி, முள்ளை வாயில் வைத்திருந்தாள். பிடுங்கினேன், அவள் அழுதாள். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தேன். ரத்தம் இல்லை. ஷூவைப் பேப்பரில் சுற்றி அவளுக்கு எட்டாதபடி பீரோ மேல் வைத்தேன். அவளைச் சமாதானப்படுத்தித் தூங்க வைத்த பிறகு வந்து பையை மூடினேன்.

விடியற்காலை ரயிலில் அவர் போய்விட்டார். எட்டு மணிக்குப் பீரோ மேல் எதையோ தேடினபோது பேப்பர் பொட்டலம் கையில் பட்டது. போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அன்று பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

சாயங்காலம் வந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டார்.

"தரை ஈரமா இருந்துச்சி. கால் நிக்கல. ரெண்டு ஓவர் போட்டேன், அதுல ரெண்டு வாட்டி வழுக்கி வுழுந்தேன். போதும்னுட்டாங்க."

"ஏங்க, ஷூ..."

"தெரியும். காட்பாடி தாண்டும்போதே பாத்துட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணா நீ இன்னா பண்ணுவ டீச்சர்? நாள் பூரா அழுவ." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "அங்க ஒருத்தர்கிட்ட கேட்டு வாங்கிப் போட்டுப் பாத்தேன். சுண்டுவிரல் உள்ள போகல."

மகளை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார். திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிறு காலை அவரை மேட்ச்சுக்குக் கூட்டிப் போக சாம்பிள் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் பைக்கில் வந்தார்கள். நான் குழந்தையோடு வாசலில் நின்றேன்.

"இன்னா தலைவா, மெட்ராஸ்ல ஸ்பீடு கம்மின்னுட்டானாமே?"

"ஆமாண்டா."

"ஒரு வாரம் ஷூவ அச்சுல மாட்டி இழுத்தோம். உன் கைய மாட்டி இழுத்திருக்கணும்."

"வயசாயிடுச்சில்ல, இனிமே ஸ்பின் போட்டுக்க" என்றார் இன்னொருவர்.

என் கணவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான், அவர் எல்லாரிடமும் என்ன சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. எட்டு வருடமாக அந்த ஊரில் அவருக்கு இருந்தது வேகப்பந்து வீச்சாளர் என்கிற பெயர்தான். அதைத் தானே எடுத்து அவர்கள் கையில் கொடுத்திருந்தார், என் பெயர் வரக்கூடாது என்று.

ஒரு வாரம் யோசித்தேன். சொன்னால் அவர் மறைத்தது வீணாகும். சொல்லாவிட்டால் வேகம் போய்விட்டது என்கிற பேச்சு அப்படியே நிலைத்துவிடும். எது மனைவியின் கடமை என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் உறுதியாகத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போகாமல் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். என் கணவர் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். பாய் குந்தி உட்கார்ந்து மேட்டின் ஓரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தங்கச்சி. இன்னிக்கு சர்ச் இல்லியா?"

"பாய், அவருக்கு ஸ்பீடு கம்மியாகல. ஸ்பைக் ஷூவ நான் பையில வைக்கல. வீட்லயே இருந்துடுச்சி. ரப்பர் ஷூவுலதான் போட்டிருக்கார்."

சுத்தியல் நின்றது.

"ஈரப் புல்லுல ரப்பர் ஷூவா?"

"ஆமா."

"இத ஏன் அவன் சொல்லல?" கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பதில் அவருக்கே தெரிந்துவிட்டது. "சரி. பசங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"ஷூ இருந்திருந்தா எடுத்திருப்பாங்களா பாய்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. "அது எனக்குத் தெரியாது தங்கச்சி. மேட்ல வுழுந்தா இவன் பால் கடிச்சி எழும்பும். புல்லுல கடிக்குமா? அதப் பாக்கத்தான் அனுப்பினேன்."

மறுபடி ஆணி அடிக்கத் தொடங்கினார். அவர் பார்க்க நினைத்ததை இனி யாரும் பார்க்கப் போவதில்லை. வீடு திரும்பும் வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பிற்பகலில் என் கணவர் வந்தார். சட்டையெல்லாம் செம்மண். பின்கட்டில் உட்கார்ந்து ஷூவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பாய்கிட்ட சொல்லிட்டியாமே."

"ஆமா."

"இப்ப பசங்க வேற மாதிரி ஆரம்பிச்சிட்டானுங்க. அக்கா பையில டிபன் பாக்ஸாவது வச்சாங்களான்னு கேக்கறானுங்க." சிரிக்காமல் சொன்னார். கோபமும் இல்லை. நான் அவரிடம் இன்னொன்று சொல்ல வேண்டியிருந்தது. பாயிடம் சொல்லாதது, ஜெபத்திலும் சொல்லாதது.

"ஏங்க. அன்னிக்கு ஜிப் மூடும்போது பை லேசா இருந்துச்சி. எனக்குத் தெரிஞ்சிது. ஒரு நிமிஷம் நின்னேன். ஆனா திறந்து பாக்கல."

அவர் ஷூவைத் துடைப்பதை நிறுத்தினார். மகள் தவழ்ந்து வந்து அவர் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றாள். அவள் விழாமல் இருக்க முதுகில் கை வைத்துக்கொண்டார்.

"ஸ்டேஷன் வரைக்கும் தோள்ல மாட்டிட்டுப் போனது நான்தான். எனக்கும் லேசாத்தான் இருந்துச்சி. காட்பாடி வரைக்கும் நானும் திறக்கல."

அவருக்கும் வேறென்னமோ பயம் இருந்ததா, அல்லது எனக்காக அப்படிச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

"பீரோ மேல இருக்கறத எடுத்துக் குடு" என்றார். பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பேப்பரைப் பிரித்து, குறட்டால் முள்ளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினார். மகளுக்கு எட்டாதபடி ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.

"நாளைக்கு சாம்பிள்ல குடுத்து அடி மாத்தச் சொல்றேன். ரப்பர் வச்சா மேட்டுக்கு இன்னும் ரெண்டு சீசன் வரும்."

திங்கட்கிழமை காலை ஷூவைச் சாப்பாட்டுப் பையோடு ஒரு துணிப்பையில் போட்டு அவர் வண்டியில் மாட்டினேன். கிளம்புவதற்கு முன்னால் அவர் அந்தப் பையைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.