கனம் தூக்கக் கூடாது

நான் தேனியில் அறுவை சிகிச்சை மருத்துவர். விபத்தில் வயிற்றுத் தசை கிழிந்து குடல் பிதுங்கி வருகிறவர்களுக்கு, கிழிந்த இடத்தில் செயற்கை வலை வைத்துத் தைப்பேன். பிறகு போனில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: “மறுபடி வீக்கம் இருக்கா?” இல்லை என்றால் நோட்டில் ‘வெற்றி’ என்று குறித்துக்கொள்வேன்.

அப்படிக் குறித்தவர்களில் ஒருவர் காமயகவுண்டன்பட்டி பாண்டி. பைக் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி வந்தவர். மூன்று வருடம் கழித்து அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவருடைய திராட்சைத் தோட்டத்துக்குப் போனேன். சட்டையைத் தூக்கி இருமச் சொன்னேன். தைத்த இடம் அசையவில்லை. என் கையை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

அப்போது அவர் மனைவி பழப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார். பாண்டி பார்த்துக்கொண்டு நின்றார்.

“நீங்க தூக்குறதில்லையா?” என்று அவரிடம் கேட்டேன்.

மனைவிதான் பதில் சொன்னார். “நீங்கதான சார் கனம் தூக்கக் கூடாதுன்னு சொன்னீக. அன்னையிலருந்து ஒரு கூடையக்கூடத் தொட்டதில்ல.”

மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் அவசரத்தில் நான் சொல்லவில்லை. போனிலும் கேட்கவில்லை.

“இப்பத் தாராளமாத் தூக்கலாம்” என்றேன்.

பாண்டி பெட்டியைப் பார்க்கவில்லை. பந்தலுக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்த இரண்டரை வயது மகளைப் பார்த்தார்.

“இவளையுமா சார்?”

இப்போதெல்லாம் போனில் வீக்கத்தைப் பற்றி இரண்டாவதாகத்தான் கேட்கிறேன். முதலில், “என்னென்ன தூக்குறீக?” என்று கேட்கிறேன்.