பார்க்காமலே சொன்ன "நல்லா இருக்குது"

என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் காமிராதான். ஆறு, ஏரி, மேகம் என்று எடுத்துவந்து, ஸ்டுடியோவில் கழுவி வாங்கியதும் என்னிடம் நீட்டி, "எப்படி இருக்குது, சொல்லு" என்பார். நாள் முழுக்கத் தறிக்குப் பட்டு நூல் சுற்றிச் சலித்துப்போன நான், தலையைத் தூக்காமலே "நல்லா இருக்குது" என்பேன்.

ஸ்டுடியோக்காரர் மட்டும், "ஆள் இல்லாம ஆத்தோட அகலம் தெரியலயே" என்றாராம். அடுத்த வாரமே எங்கள் எட்டு வயது மகளை, ஆறுகள் கூடும் திருமுக்கூடலுக்கு அழைத்துப்போய் நிற்கவைத்து எடுத்துவந்தார். அந்தப் படத்துக்கும் "நல்லா இருக்குது" என்றேன்.

"அப்போ வர்ற ஞாயித்துக்கிழமை இன்னும் உள்ள தள்ளி நிக்க வெச்சு எடுக்கறேன்" என்றார்.

உள்ளே என்றால் எங்கே? அப்போதுதான் படத்தை வாங்கிப் பார்த்தேன். ஆற்று நடுவில் ஒரு மணல் திட்டு. அதன்மேல் என் மகள். சுற்றிலும் தண்ணீர்.

"போறப்போ மணலாத்தாம்மா இருந்துது. வர்றப்போ இடுப்பு வரைக்கும் தண்ணி வந்துடுச்சு" என்றாள் மகள். அன்று பாவாடையை நனைத்துக்கொண்டு வந்ததற்கு நான் அவளைத்தான் அதட்டியிருந்தேன்.

"மேகத்தையே பாத்துக்கினு இருந்துட்டேன்" என்றார் அவர், மெதுவாக.

இப்போதும் எனக்கு அலுப்புதான். ஆனாலும் எந்தப் படத்தையும் வெளிச்சத்தில் பிடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். போன வாரம் ஓர் ஏரிப் படத்துக்கு, "வானமே முக்காவாசி அடைச்சிக்கினு இருக்குது, கரையக் காணோமே" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. போகட்டும். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.