சொந்தக்காரர் இல்லாத ஊர்

கலியாணமான நாள்முதல் நான் விடுமுறைக்குப் போன ஊர்களை எல்லாம் அங்குள்ள குசினிகளை வைத்துத்தான் அடையாளம் சொல்வேன். பண்டாரவளை என்றால் புகை போகாத அடுப்பு. திருகோணமலை என்றால் கடல் தெரியாத ஒரு பின்பக்கக் குசினி. சிலாபம் என்றால் நண்டு, அதுவும் கழுவப்படாத நண்டு. எங்கே போனாலும் அங்கே ஒரு சொந்தக்காரர் வீடு இருக்கும், நாங்கள் அங்கே விருந்தாளிகள். ஆண்கள் விறாந்தையில் இருந்து அரசியல் கதைப்பார்கள். பெண்கள் உள்ளே போய், “நான் ஏதும் செய்யட்டோ?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அதனால்தான், மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தருகிறேன் என்று மகள் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. படுக்கை, அடுப்பு, சின்ன பிரிட்ஜ் எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கிறதாம். சின்ன ஊர் ஒன்றில் நல்ல ஹொலிடே பார்க்காகப் பார்த்து நிறுத்தினால் கரண்டும் தண்ணீரும் அவர்களே தருவார்களாம். இடத்தை மட்டும் நாங்கள் தெரிவு செய்ய வேண்டும். எனக்கு வேண்டியதை நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன்: வாழ்க்கையில் ஒரு தடவையாவது, கண் விழிக்கும்போது நான் யாருடைய விருந்தாளியாகவும் இருக்கக் கூடாது.

மற்றவர்கள் கக்கூஸ் துப்புரவா, நிழல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்க் தேடுவார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. சொந்தக்காரர் இருக்கும் ஊரில் போய் வண்டிக்குள் படுத்தோமென்றால் அவர்களுடைய முகத்தில் கரி பூசினதற்குச் சமம். ஒருமுறை திருகோணமலையில் துணிந்து ஹோட்டலில் தங்கினோம். விடிவதற்குள் என் கணவரின் பெரியம்மா மகன் வந்து, எங்கள் பெட்டிகளைத் தூக்கித் தன் ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தன் வீடு என்ன இடிந்தா கிடக்கிறது என்று இன்றுவரை கலியாண வீடுகளில் என்னைக் கேட்கிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அக்காவும் நானும் ஒரே வீட்டு அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். மூத்தவரைக் கட்டிய அக்கா கொட்டாஞ்சேனையில், இளையவரைக் கட்டிய நான் வெள்ளவத்தையில். ஆகவே அவளுடைய சொந்தக்காரர் எல்லாரும் என்னுடைய சொந்தக்காரர், ஒரு ஆள்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். எனவே அவளிடம் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தோம்.

ஒரு ஞாயிறு இரவு நானும் கணவரும் போனில் இலங்கை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஊர்களை வெட்டத் தொடங்கினோம். நுவரெலியாவில் மாமி மகள். மட்டக்களப்பில் கால் வைக்கவே இடமில்லை, அவ்வளவு பேர். கற்பிட்டியில் சொந்தம் இல்லை, ஆனால் கணவரோடும் அவருடைய அண்ணனோடும் ஒன்றாக வேலை செய்த ஒருவர் இருக்கிறார், அவர் சொந்தத்தை விட மோசம், விடவே மாட்டார். வடக்கைப் பற்றி நாங்கள் கதைக்கவேயில்லை, அங்கே வீட்டுக்கு வீடு சொந்தம். இப்படி வெட்டி வெட்டி, கடைசியில் தெற்குக்கு வந்து திஸ்ஸமகாராமவில் ஒரு பார்க்கைப் பிடித்தோம்.

கணவர் அந்தப் பார்க் மனேஜருக்குப் போன் எடுத்து, பக்கத்தில் தமிழ் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று சிங்களத்தில் விசாரித்தார். பாவம் அந்த மனேஜர், நாங்கள் பயப்படுகிறோம் என்று நினைத்துவிட்டார். மகத்தயா ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், இங்கே எல்லாரும் நல்ல ஆட்கள், டவுனில் ஒரு தமிழ் நகைக்கடை முதலாளி இருக்கிறார், அவரிடம் சொல்லி வைக்கிறேன், காலையில் தோசையோடு வந்து உங்களைப் பார்ப்பார் என்று ஆறுதல் சொன்னார். கணவர் மிகவும் நன்றி சொல்லிப் போனை வைத்தார். பிறகு திஸ்ஸமகாராமவையும் வெட்டினார்.

எம்பிலிப்பிட்டியப் பக்கம் குளக்கரையில் இருந்த பார்க்கின் மனேஜரோ, தனக்குத் தெரிந்து அப்படி ஒருவரும் இல்லை என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். உடனேயே புக் பண்ணிவிட்டோம். கக்கூஸைப் பற்றிக் கேட்க மறந்து போனோம்.

அக்காவிடம், எங்கள் பிளாட்டின் தண்ணீர் டாங்க் உடைந்துவிட்டது, திருத்த வரும் குழாய் பாஸைக் காத்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கப்போகிறோம் என்று சொன்னேன். தாங்களும் மடு மாதா கோயிலுக்கு நேர்த்திக்குப் போவதாக அவள் சொன்னாள். எங்களுக்காகவும் ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னேன். அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் வந்திருந்தது.

கிருலப்பனையில் கணவரின் சித்தப்பா வீடு இருக்கிறது. அதைத் தாண்டும்வரை கணவர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓட்டினார், நான் பின்னுக்குப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டேன். அவிசாவளையில் ஒரு வயதான மனிதர் எங்கள் வெள்ளை வண்டியை இரத்ததான வண்டியென்று நினைத்து, கையைக் காட்டி மறித்து, இரத்தம் எங்கே கொடுப்பது என்று கேட்டார். அவரைத் தவிர எங்களை ஒருவரும் கவனிக்கவில்லை.

பார்க்குக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. ஒரு மரத்துக்கு அப்பால் இன்னொரு வண்டி, திரையெல்லாம் மூடிக்கொண்டு நின்றது. காலையில் நான் எழும்ப முன்னமே கணவர் தேத்தண்ணீர் போட்டு வைத்திருந்தார். கசப்பு. ஆனாலும் குளத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் குடித்தபோது, என்னைப் போலச் சந்தோஷமான பெண் இலங்கையிலேயே இல்லை என்று நினைத்தேன்.

பிறகு பல்லைத் தீட்டிக்கொண்டே குழாயடிக்குப் போனேன். தலையில் துவாய் கட்டிய ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு வாய் கொப்புளித்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

“டாங்க் சரியாயிட்டுதோ?” என்றாள் அக்கா.

“மடுவில சனம் கூடவோ?” என்றேன் நான்.

வாயில் நுரையோடு சிரித்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அவர்களும் அதே படத்தை விரித்து, அதே ஆட்களை வெட்டியிருக்கிறார்கள். கணக்கு ஒன்றென்றால் விடையும் ஒன்றுதானே. சிரித்து ஓய்ந்த பிறகு, ஏன் என்னிடமும் மறைத்தாள் என்று கேட்டேன். அக்கா துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

“கொஞ்ச நாளைக்கு ஆரும் என்னை அக்கா எண்டு கூப்பிடாமல் இருக்கோணும் போல கிடந்தது. நீயும்தான்.”

சுருக்கென்றது. கோபமும் வந்தது. பாஸ்போட்டுக்கு வருபவர்கள், களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷனுக்கு வருபவர்கள், காணி வழக்கென்று புதுக்கடைக் கோர்ட்டுக்கு வருபவர்கள் எல்லாரும் இறங்குவது கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் நான் என்ன செய்தேன்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு போவேன். ஹோலில் மின்விசிறிக்குக் கீழே இருப்பேன். அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன், அக்காவின் குசினி எப்படியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

“சரி மேடம்,” என்றேன். “உங்களை நான் முன்னே பின்னே கண்டதில்லை.”

அதற்குப் பிறகு நாங்கள் அந்நியர்கள். ஆண்கள் இரண்டு பேரும் இந்த விளையாட்டில் எங்களையும் மிஞ்சினார்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பி, குளக்கரையில் எதிரெதிரே வந்து, “கோமத மகத்தயா?” என்று கைகொடுத்துச் சிங்களத்தில் சுகம் விசாரித்தார்கள். அக்கா அவள்பாட்டில் கதிரையைப் போட்டுக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டும் என்று என் நாக்குத் துடிக்கும், அடக்கிக்கொள்வேன்.

கடைசி நாள் பின்னேரம் எங்கள் வண்டிக் கதவில் தட்டும் சத்தம். திறந்தால் அக்கா, கையில் ஒரு சட்டி தயிர்.

“பக்கத்து வேனில இருக்கிறனான். கொஞ்ச நேரம் இருக்கலாமோ?”

உள்ளே வரச்சொல்லி, என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்டேன். மற்றவர்களுக்கு ஊற்றி மிஞ்சுகிற வெறும் தேத்தண்ணீரைத்தான் அவள் குடிப்பாள், அதுதான் எனக்குத் தெரிந்த அக்கா. கேட்டதும் அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“கோப்பி,” என்றாள். “பாலும் சீனியும் கூடப் போட்டு.”

எங்கள் வண்டியில் கோப்பி இல்லை. ஓடிப்போய் அத்தானிடம் கேட்டு, அவளுடைய கோப்பிப் போத்தலையே வாங்கிக்கொண்டு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தாள், பழக்கம் விடவில்லை, எழும்பி வந்து என் பின்னால் நின்றாள்.

“நான் ஏதும் செய்யட்டோ?”

“வேண்டாம் மேடம்,” என்றேன். “இருங்கோ.”