பன்னிரண்டாவது நாற்காலி

கடிதப் பெட்டிக்குள் கையை விடுமுன் மரியதாஸ் ஒருதரம் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு உறையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பார். தடித்த கடிதம் என்றால் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள், காரணத்தை விரிவாக எழுதியிருக்கிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. மெல்லியது என்றால் இன்னும் ஏதோ கேட்கிறார்கள். எதுவானாலும் உடனே பிரிக்க மாட்டார். பனிமலை ஊரான டாவோஸில், தான் வேலை செய்யும் ஹோட்டலின் நிலக்கீழ் அறையில், கட்டில் தலைமாட்டில் இருக்கும் மடு மாதா படத்தின் கீழே அதை வைத்துவிட்டு, மூன்று நாள் சோறு இறங்காமல் திரிவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம். வேலை, கோப்பை கழுவுவது. இயந்திரம் கழுவிக் கொடுத்த தட்டைக்கூட நம்ப மாட்டார். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இல்லாத கறையையும் துடைப்பார். சமையற்காரர்கள் சிரித்தால் அவருக்குக் கவலையில்லை. "நாளைக்கு ஒருத்தன் பிழை சொல்ல இடம் வைக்கக்கூடாது" என்பார்.

காலில் எந்நேரமும் ரப்பர் சப்பாத்து, அதற்குள் எந்நேரமும் ஈரம். விரலிடுக்குகள் வெளுத்து, வெடித்துக் கிடந்தன. ஞாயிறு பூசைக்கு இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு போய்க் கடைசி வாங்குப் பலகையில், கதவோரம் இருப்பார். யாராவது எழும்பச் சொன்னால் உடனே எழும்பத் தோதான இடம் அது. இதுவரை யாரும் சொன்னதில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு மார்ச் மாதம், தடிப்பும் இல்லாத மெல்லிசும் இல்லாத ஒரு கடிதம் வந்தது. மனிதர் கலங்கிவிட்டார். மூன்றாம் நாள், ஜெர்மன் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த அறைத்தோழன் பாலச்சந்திரன் பொறுமை இழந்து உறையைக் கிழித்தான்.

"அண்ணை, இது பொலிசுமில்லை, ஒண்டுமில்லை. உங்கட கோயிலில இருந்துதான். பெரிய வியாழனுக்கு, யேசு சீடருக்குக் கழுவினமாதிரி, சுவாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுறாராம். அதில நீங்களும் ஒராள். வருவீங்களோ எண்டு கேட்டிருக்கினம்."

"பேரை வடிவாப் பார். எனக்கோ?"

அவருக்குத்தான். ஊர்க் கோயிலில் அந்தப் பன்னிரண்டு நாற்காலிகளும் பெரிய வீட்டுக்காரர்களுக்கு. அவருடைய அப்பா அவற்றைத் தூக்கி வந்து வரிசையாக வைப்பார். பூசை முடிந்ததும் திருப்பி எடுத்துப் போவார். ஒருநாளும் அவற்றில் உட்கார்ந்ததில்லை.

கடிதத்தின் அடியில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஓம் என்றால் ஒன்று, இல்லை என்றால் மற்றது. இந்த நாட்டில் அவர் கோடு போட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் ஒரு விசாரணை வந்திருக்கிறது. ஆனாலும் போகவேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு ஓம் கட்டத்தில் கோடு போட்டார். அன்றிலிருந்து நித்திரை போயிற்று. காலைக் கண்டதும் சுவாமியார் முகம் சுளித்தால்? ஆளை மாற்றி அழைத்துவிட்டோம் என்று எல்லோருக்கும் முன்னால் அவருக்குத் தோன்றிவிட்டால்?

போதாக்குறைக்குப் பாலச்சந்திரன் பகிடி விட்டான். அவன் சைவக்காரன். "எங்கட கலியாணத்தில தோழன், பொம்பிளையின்ர தம்பி, கால் கழுவினா மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடவேணும். நீங்கள் சுவாமியாருக்கு என்ன குடுக்கப் போறியள்?"

பகிடியை மரியதாஸ் பகிடியாக எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார். இரண்டு சேர்ட், ஒரு செபமாலை, ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த்தூளில் மிச்சம். இதில் எதை எடுத்து நீட்டுவது? இவ்வளவு பெரிய காரியத்துக்கு வெறுங்கையோடு போகிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

வியாழன் அவருக்கு ஓய்வு நாள். தப்பிக்க வேலை என்ற சாட்டும் இல்லை. கோப்பை கழுவும் சவர்க்காரத்தாலும் எலுமிச்சம்பழத்தாலும் மூன்று தரம் காலைத் தேய்த்துக் கழுவினார். வெடிப்புகளில் எலுமிச்சம்புளி பட்டுக் கண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். கடைசி நாற்காலி அவருக்கு. கிழச் சுவாமியார் ஒவ்வொருவர் முன்னும் முழந்தாளிட்டு நகர்ந்து நகர்ந்து வந்தார். மரியதாஸ் ஒரு காலின் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். ஒன்றின் கீழ் இன்னொன்று இருப்பதைச் சுவாமியார் பார்த்தார். அது கழலும்வரை காத்திருந்தார். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அதை மரியதாஸ் எதிர்பார்க்கவில்லை. காலைச் சுவாமியார் உள்ளங்கையில் தாங்கி, வெடித்த விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக, நோகாமல், அவசரப்படாமல் துடைத்தார். கடைசியில் குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார். முகம் சுளிக்கவில்லை.

எழும்பும்போது கிழவருக்கு முழந்தாள் பிடித்துக்கொண்டது. மரியதாஸ் பாய்ந்து முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். பிறகு, யாரும் சொல்லாமலே, சுவாமியாரின் தோளில் கிடந்த துவாயையும் நிலத்திலிருந்த பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு காலில் சப்பாத்தும் மறுகால் வெறுங்காலுமாகப் பக்கத்து அறைக்குள் போனார். குழாயைத் திறந்து பாத்திரத்தைக் கழுவித் துடைத்தார். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஓரத்தில் ஓரிடத்தை இன்னொருதரம் துடைத்தார்.