கருமாதிக்கு வைத்த லெப்டொப்

1. அண்ணன் எலிக்காய்ச்சலில் இறந்துபோனான்.
2. கருமாதிக்கு வைக்க வீட்டில் அவனுடைய படம் இல்லை.
3. இருந்த ஒரே படம் என் லெப்டொப்பில் இருந்தது.
4. லெப்டொப்பையே படமாக வைத்தோம்.
5. அத்தை அதற்குத் தண்ணீர் காட்டினார். அது அணைந்துபோனது.
6. நான் அதை இரத்தினபுரிக்குக் கொண்டுபோய் விற்றேன்.

இப்படி எண் போட்டு எழுதினால்தான் எனக்கு வரிசை பிடிபடுகிறது. கணினி பழுதுபார்க்கும் படிப்பில் அப்படித்தான் பழக்கினார்கள். முதலில் என்ன நடந்தது, அதற்கடுத்து என்ன நடந்தது என்று எழுது, காரணத்தைப் பிறகு தேடு என்பார்கள். மேலே உள்ள ஆறில் காரணம் தேட எதுவும் இல்லை.

அந்த லெப்டொப்பை வாங்கித் தந்தது அண்ணன்தான். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியாமல் மாணிக்கக் குழியில் இறங்கி வேலை செய்தான். ஒருமுறை குழியில் கல் கிடைத்தபோது அவன் பங்கில் இதை வாங்கினான். யாரோ பாவித்தது, மூடியில் ஒரு மூலை உடைந்திருந்தது. "படிச்சவளுக்கு ஒரு மெசின் வேணுமில்ல" என்று சொல்லிக் கட்டிலில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

படம் எடுத்தது நான். படிப்பில் கூட இருந்த தோழியின் கெமராவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்தபோது, அண்ணன் எங்கள் லயன் வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவர்களின் ஆட்டைக் கழுத்தில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெனியனோடு நின்றான். "ரெண்டு பேரையும் சேத்து எடு, எது நானுன்னு ஆளுங்க கண்டுபிடிக்கட்டும்." லெப்டொப்பில் ஏற்றிவிட்டு கெமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவனுடைய அடையாள அட்டையை மரணம் பதியும்போது வாங்கிக்கொண்டார்கள். அப்பா நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதே போனவர். அவருக்கும் சுவரில் படம் கிடையாது. அம்மா அதைத்தான் சொன்னார்.

"ஒங்க அப்பன் மூஞ்சி எனக்கு மறந்துபோச்சு. நெனச்சுப் பாத்தா போட்டிருந்த சட்டதான் வருது. இவன் மூஞ்சியாவது சொவத்துல இருக்கணும்."

கருமாதிக்கு முன்னால் டவுனுக்குப் போய்ப் பிரின்ட் எடுக்கலாம் என்றிருந்தேன். மழையில் ரோட்டில் மண் சரிந்து பஸ் வரவில்லை. அதனால் வாழையிலைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு, அதன்மேல் லெப்டொப்பைத் திறந்து வைத்தோம். திரை முழுக்க அண்ணனும் ஆடும். மூடியின் மேல் மாலை. அத்தை திரையின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அவனுடைய நெற்றிக்குச் சரியாக வைக்கப் பார்த்தார், கொஞ்சம் தள்ளி ஆட்டின் காதில் பட்டது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

கொஞ்ச நேரத்துக்கொரு தரம் திரை இருண்டது.

"கண்ண மூடிக்கிறான் பாரு" என்றார் அத்தை.

நான் ஒரு எழுத்துக் கட்டையை விரலால் தொடுவேன். அவன் திரும்ப வருவான். ஒவ்வொரு முறை வரும்போதும் பெண்கள் புதிதாக அழத் தொடங்கினார்கள். திரை இருளாமல் இருக்க எங்கே மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். கை அங்கே போகவில்லை. தொட்டுக்கொண்டே இருந்தேன்.

கற்பூரம் காட்டியதும் அத்தை செம்பை எடுத்தார். இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டார். பிறகு உள்ளங்கையில் அள்ளி லெப்டொப்பின் பக்கம் திரும்பினார்.

"அத்த, அதுமேல தண்ணி படக்கூடாது."

"செத்தவனுக்குத் தண்ணி காட்டாம எப்பிடிடி? தாகத்தோட போவானா?"

தண்ணீர் எழுத்துக் கட்டைகளுக்கு நடுவே இறங்கியது. திரை இருண்டது. தொட்டேன். வரவில்லை.

அத்தை கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எல்லோருடைய படத்துக்கும் அப்படித்தான் செய்வார், கண்ணாடி போட்ட படத்தில் அது வழிந்து போய்விடும். சாயங்காலம் அவரே சொன்னார்: "அவன் வாங்கின சாமான், அவனோடயே போயிருச்சு. இனி வீட்டுல வைக்காத, வித்துரு." அம்மா என்னைப் பார்த்தார். "மூஞ்சி?" என்று மட்டும் கேட்டார். "தெரியல" என்றேன்.

பஸ் ஓடத் தொடங்கியதும் இரத்தினபுரிக்குப் போனேன். கிளம்புமுன் அடிமூடியின் ஆணிகளைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, பொலித்தீனில் சுற்றித் தனியே வைத்துக்கொண்டேன். வழியில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைப் பார்த்தார்கள். ஆமிக்காரர் லெப்டொப்பைத் திறந்து சிவப்புக் கறையை முகர்ந்து பார்த்தார். குங்குமம் என்று சிங்களத்தில் சொன்னேன். ஏன் என்று கேட்டார். வீட்டில் சாவு என்றேன். மூடித் தந்தார்.

கம்ப்யூட்டர் கடை முதலாளி சிங்களவர். எங்கள் தோட்டத்துப் பக்கத்து ஆட்களோடு பழகித் தமிழ் பேசுவார், தங்கச்சி என்பதை மட்டும் நங்கி என்பார்.

"என்ன நங்கி, இதுக்கு பூஜை போட்டதா?"

"ஆமா மாத்தயா."

"பூஜை போட்டும் வேலை செய்யலயா? அப்ப நான் என்ன செய்ய?" சிரித்தார். நான் சிரிக்காததால் அடியைத் திருப்பிப் பார்த்தார். "ஹார்ட் டிஸ்க் எங்க? அது இல்லாம எடுக்க ஏலாது."

"அது விக்க இல்ல. திரை, ரெம், சார்ஜர், எல்லாம் நல்லா இருக்கு. போர்டுதான் போச்சு. டிஸ்க்க ஒங்க மெசின்ல ஒருக்கா போட்டுப் பாக்க விடுங்க. பாக்கி எல்லாம் எடுத்துக்கங்க."

அவர் விலையைக் குறைத்தார். சரி என்றேன். உள்ளேயிருந்து ஒரு வயரைக் கொண்டுவந்து டிஸ்க்கை மாட்டினார். காதை அருகே கொண்டுபோய்க் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. வயரைக் கழற்றித் திரும்பச் சொருகச் சொன்னேன். சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் அண்ணன் வந்தான், ஆட்டோடு.

"யாரு நங்கி?"

"அண்ணன்."

"எங்க வேலை?"

"இப்ப இல்ல. எறந்துட்டாரு."

அவர் லெப்டொப் திரையிலிருந்த குங்குமத்தை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார். நிறுத்தி விரலைப் பார்த்தார்.

"இதத் தொடலாமா?"

"தொடலாம்."

படத்தை ஒரு சீடியில் எழுதித் தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

பக்கத்து ஸ்டூடியோக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பெனியனோட சொவத்துல மாட்ட ஏலாது தங்கச்சி. கோட் போட்டுருவோம். ஆட்ட எடுத்துருவோம், என்ன?" என்றார். அவர் கேட்டது என் காதில் நன்றாகவே விழுந்தது. தலையாட்டினேன். நீல நிறப் பின்னணியில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு அண்ணன் ஃபிரேமுக்குள் வந்தான். முகம் அவனுடையதுதான்.

வீட்டில் அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். முகத்தைத் தடவினார்.

"தோட்டத்துத் தொர மாதிரி இருக்கான்" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆடு எங்கடி?"

"எடுத்துட்டாங்கம்மா."

"ஏன்?"

"டிஸ்க்குல இருக்கும்மா. அழியல" என்றேன்.

"அதுல இருக்கா?"

"இருக்கு."

"சரி."

இப்போது அண்ணன் சுவரில் கோட்டோடு இருக்கிறான். அம்மா காலையில் கொழுந்தெடுக்கப் போகுமுன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். டிஸ்க் பிஸ்கட் டின்னில் இருக்கிறது, சீடியும் அதில்தான். போட்டுப் பார்க்க எங்களிடம் மெசின் இல்லை. பக்கத்துக் காம்பராவில் அந்த ஆடு இன்னும் இருக்கிறது.