உள்ளே வர மறுத்த விருந்தாளி

போன வாரம் ஒரு மில் வாசலில், காருக்கும் கேட்டுக்கும் நடுவே திகைத்து நின்றேன்.

தாமிரபரணிக் கரையிலுள்ள அந்த நூற்பாலைக்கு ஸ்வீடனிலிருந்து ஒருவர் நூல் வாங்க வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியனாகிய என்னை மொழிபெயர்க்க அழைத்திருந்தார்கள். உள்ளே, ரோஜா மாலையோடு மேனேஜர். வெளியே, தரையில் அமர்ந்த தொழிலாளர்கள். வேலைநிறுத்தம்!

"எதற்காக?" என்றார் விருந்தாளி, காரை நிறுத்தச் சொல்லி.

சங்கச் செயலாளர் சுடலைமுத்து எழுந்து வந்தார். "பல்சக்கரத்துக்கு மூடி இல்லாத மெஷின ஓட்டமாட்டேம்னேன், சாமி. வேலைய விட்டே நிறுத்திட்டாக. கை போனா யாரு தருவா?"

மொழிபெயர்த்தேன். விருந்தாளி இறங்கிவிட்டார். வேலைநிறுத்தக்காரர்களைத் தாண்டி உள்ளே போவது அவர் ஊரில் பெரும் இழுக்காம். மேனேஜர் இங்கே வரட்டும் என்றார்.

"என்ன வே சொல்லுதாரு?" என்றார் தரையில் இருந்த ஒரு தொழிலாளி.

"உள்ள வரமாட்டாராம்லே! மாலை வாடிரும் போலிருக்கு!" என்றார் பக்கத்திலிருந்தவர்.

மேனேஜர் வந்தார், கடுகடுத்த முகத்தோடு. வாசலில் உட்கார இருந்தது ஒரே ஒரு டீக்கடை பெஞ்சு.

"உக்காருங்க சார், கடிச்சிர மாட்டேன்" என்று நகர்ந்து இடம் விட்டார் சுடலைமுத்து.

விருந்தாளி உபதேசம் எதுவும் செய்யவில்லை. தம் கம்பெனியின் வழக்கத்தை மட்டும் சொன்னார். அங்கே நிர்வாகக் குழுவிலேயே தொழிலாளரின் பிரதிநிதிகள் உண்டு. சண்டை வருமுன்பே பேசிவிடுவார்கள். அவர் நாடு அண்மையில்தான், 1995-இல், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. இன்னும் சில நாடுகள் சேரக் காத்திருக்கின்றன. சந்தை விரியும்போது, இரு தரப்பும் கலந்து பேசும் இடமும் சேர்ந்தே விரியவேண்டும் என்பது அங்குள்ள கொள்கையாம். எத்தனை பக்குவம்! நாமும்தான் சந்தையைத் திறந்துவிட்டிருக்கிறோம்... பேசும் இடத்தை?

மேனேஜர் என் காதருகே குனிந்தார். "சாமி, நான் இறங்கிப்போனா நாளைக்கு எவன் மதிப்பான்?"

"ஆழ்வார்திருநகரியில் பெருமாள் ஏன் சந்நிதியை விட்டு வீதிக்கு எழுந்தருளுகிறார்? உள்ளே வர இயலாதவர்களுக்காக. அந்த எளிமையைப் பாடித்தானே பாசுரங்கள் உருகுகின்றன? பெருமாளுக்குக் குறையாத மரியாதை உமக்கா குறையும்?" என்றேன்.

மேனேஜர் சுடலைமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"மூடி இன்னைக்கே மாட்டிருவோம். நீங்க வேலைக்கு வாங்க."

"மொதல்ல மூடி, சார். பெறவு நான்."

மேனேஜர் சிரித்துவிட்டார். நான் வியந்தது அதற்கடுத்த காட்சியைத்தான். ஆளனுப்பாமல் அவரே ஸ்டோருக்குப் போய் மூடியை எடுத்துவந்தார். மெஷினருகே அவர் தாங்கிப் பிடிக்க, சுடலைமுத்து திருகினார். மெஷின் ஓடியது. இருவரும் கைகுலுக்கினார்கள்.

யார் கை கிரீஸ் யார் கையில் ஒட்டியது என்று எனக்குத் தெரியவில்லை!