பச்சை அட்டையில் இருந்த சொல்

அந்த வாரம் முழுவதும் என் பள்ளிக் குறிப்பேட்டில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு, மார்ச் மாதம். செவ்வாயன்று மதியம் புட்டு சாப்பிட்டேன் என்றுகூட எழுதியிருக்கிறேன். வெட்கப்பட வேண்டியதை மட்டும் எழுதவில்லை.

நாங்கள் குடியேறியிருந்த லாசால் பகுதியில் ஒரு பிரெஞ்சுப் பள்ளி அது. வகுப்புச் சுவரில் ஒரு காகித மரம் இருந்தது. ஒவ்வொருவரும் தம் வீட்டு மொழிச் சொல் ஒன்றை அட்டையில் எழுதி, அதன் கதையைச் சொல்லி, மரத்தில் ஒட்ட வேண்டும். "அம்மா"வை எனக்கு முன்பே இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். என் முறை புதன்கிழமை. கையில் சொல் இல்லை.

செவ்வாயன்று வகுப்பையே கவர்ந்தவள் எனக்கு முன் மேசையில் இருந்த பெண். குடும்பப் பெயர் ஐரிஷ், வீட்டில் பேசுவது பிரெஞ்சு. அவளுடைய தாத்தா பேரப்பிள்ளைகளைச் சாப்பிட அழைக்கும்போது "கிளான்!" என்று சத்தமிடுவாராம். ஐரிஷ் மொழியில் பிள்ளைகள் என்று பொருள். அந்த மொழியில் அவருக்குத் தெரிந்ததே அந்த ஒரு சொல்தானாம். முந்தைய குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். அவள் பச்சை அட்டையை ஒட்டியபோது ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

எங்கள் வீட்டில் மாமா இருந்தார். பகலில் பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. மாலையில், உலகத்துச் சொற்களெல்லாம் தமிழிலிருந்து போனவை என்று நிறுவும் வேலை. அதற்கென்றே நான்கு கொப்பிகளை எழுதி நிரப்பி வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அவர் எழுந்துவிட்டார்.

"கிளை, கிளைஞர்! சொந்தக்காரர் எண்டு அர்த்தம். எங்கடை சொல்லு பிள்ளை, அப்பிடியே கொண்டுபோட்டாங்கள்!"

"அண்ணை, மெட்ரோவும் எங்கடை சொல்லோ?" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

"நீ சிரி. பிள்ளை எழுதட்டும்."

அட்டையில் "கிளை" என்று எழுதினேன். புதன்கிழமை வகுப்பின் முன் நின்று, அந்தப் பச்சை அட்டையைச் சுட்டிக்காட்டி, அது உண்மையில் தமிழ்ச் சொல் என்றேன். மிகப் பழைய மொழி, கப்பலேறிப் போனது என்று மாமாவின் குரலிலேயே விளக்கினேன். ஆசிரியை வியந்துபோய் என் அட்டையை மரத்தின் அடியில் ஒட்டி, அங்கிருந்து அவளுடைய அட்டைக்கு ஓர் அம்புக்குறி வரைந்தார். கைதட்டினார்கள்.

அவள் மட்டும் கேட்டாள்: "அப்படியென்றால் அது எங்களுடையது இல்லையா?"

"இல்லை, எங்களுடையது" என்றேன்.

வெள்ளிக்கிழமை பச்சை அட்டை இருந்த இடத்தில் வேறொரு அட்டை இருந்தது. அதில் "போன்ஜூர்" என்று பிரெஞ்சு வணக்கத்தை எழுதியிருந்தாள். அன்றைய என் குறிப்பு: "அவளுக்குத் தோற்கத் தெரியவில்லை."

பல ஆண்டுகளுக்குப் பின் சொற்பிறப்பு அகராதிகளைத் தேடிப் பார்த்தேன். ஒன்று போதாதென்று மூன்று. கிளான் என்பது லத்தீனில் தளிரைக் குறிக்கும் "பிளாந்தா"விலிருந்து வந்தது. பழைய ஐரிஷ் நாக்குக்கு ப-ஓசை பழக்கமில்லாததால் அது க-ஓசையானது. தளிர் என்பது பிள்ளைகள் என்றாகி, பிறகு குலத்துக்கும் ஆகியிருக்கிறது. தமிழுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றாமலே, "உந்த அகராதியை எழுதினவனுக்குத் தமிழ் தெரியாது, பிள்ளை" என்றார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் கொப்பியில் எழுதியதோடு நின்றார். அதைக் கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேரே சொன்னது நான்.

எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட அம்மா ஒரு குரல் கொடுப்பார். வராவிட்டால் திட்டுவார், கெஞ்சுவார், மறுபடி திட்டுவார். எல்லாம் தமிழில். அவர்கள் வீட்டில் அதற்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது, கூப்பிட்டவரும் போய்விட்டார். அந்த வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் எந்தச் சொல்லைக் கேட்டு மேசைக்கு வந்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.